ஈத்தாமொழியில வீட்டுக்கு சோலார்: தென்னை நிழலுக்குள்ள எத்தனை கிலோவாட் போடலாம்?

ஈத்தாமொழி தையல்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வீட்டுக்காரர் குவைத்துல இருந்து லீவுல வந்தாரு. வந்த மூணாம் நாளே மாடியில ஏறி நின்னுக்கிட்டு, "இங்க சோலார் போடுதோம்"னு சொல்லிட்டாரு. பத்து நாளுக்குள்ள மூணு பேரை வரவழைச்சு விலை கேட்டாரு. முடிவு எடுக்குறதுக்குள்ள லீவு முடிஞ்சு பிளைட் ஏறியாச்சு. இப்பம் அந்த மூணு பேப்பரும் என் தையல் மெஷின் டிராயர்ல கிடக்கு. தினம் ராத்திரி போன்ல "என்ன ஆச்சு, என்ன ஆச்சு"ன்னு ஒரே கேள்வி. எனக்கு பிளவுஸ் அளவு தெரியும், கிலோவாட் தெரியாது. அதான் இங்க வந்து கேக்குதேன்.

வீடு 2011-ல கட்டுன வார்ப்பு வீடு. கீழ்த்தளம் மட்டும்தான். மாடியில மேற்கு ஓரத்துல படிக்கட்டு ரூம், அதுக்கு மேல தண்ணி டேங்க். சுத்தி மரம். மேற்கே வரிசையா மூணு தென்னை, தென்கிழக்கு மூலையில ஒரு தென்னை, வடகிழக்குல பக்கத்து வீட்டுக்காரங்க அயனி மரம் ஒண்ணு பேய் மாதிரி நிக்குது. தென்கிழக்கு மூலையில நிக்கிறது மாமனாரோட அம்மா வச்ச மரம், வீட்டுல ஆச்சி மரம்னுதான் சொல்லுவோம். ஊர் பேரைச் சொல்லி புவிசார் குறியீடு வாங்குன நெட்டை. வெலை சொல்ல வந்த ஒருத்தர் அதைப் பாத்து, "இந்த நாலு மரத்தையும் எடுத்துட்டா 5 கிலோவாட் தாராளமா போடலாம்"னாரு. மாமனார் வெத்திலையைத் துப்பிட்டு, "மரத்தை வெட்டி வெயிலா விக்கப் போறீங்க?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாரு. அன்னைக்கு முழுக்க யாருகிட்டயும் பேசல.

வீட்டுல நான், மாமனார், மாமியார், பிளஸ் டூ படிக்கிற மக. ஒரு ஏசி, பிரிட்ஜ், கிணத்து மோட்டார், மோட்டார் வச்ச தையல் மெஷின் ரெண்டு, அயர்ன் பாக்ஸ். பழைய இன்வெர்ட்டர் ஒண்ணு 150 ஏஎச் பேட்டரியோட இருக்கு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்க எடுத்த போன வருஷத்து ரீடிங்கு இதுதான்: பிப்ரவரி பில்லு 480 யூனிட், ஏப்ரல் 640, ஜூன் 720, ஆகஸ்ட் 530, அக்டோபர் 560, டிசம்பர் 470. ஜூன் மாசம் நாலாயிரத்துக்கு மேல கட்டுனேன். அந்த மாசம் நான் தச்சதுல பாதி அதுக்கே போச்சு.

மூணு பேப்பர்ல இருக்கது:
ஒருத்தர் 3 கிலோவாட் ஆன்கிரிட் (ஈபி லைனோட சேந்து ஓடுறது, பேட்டரி இல்ல), 1,95,000, மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டத்து மானியம் 78,000 நம்ம அக்கவுண்டுக்கு வரும்.
இன்னொருத்தர் அதே 3 கிலோவாட், 1,55,000, "மானியத்தை நாங்க பாத்துக்கிடுதோம்".
மூணாவது ஆள் 5 கிலோவாட் ஆஃப்கிரிட் (லைனோட சேராம தனியா ஓடுறது), பேட்டரியோட 3,40,000. வீட்டுக்காரருக்கு இதுலதான் கண்ணு.

எனக்கு ரெண்டு பயம். ஒண்ணு நிழல். இன்னொண்ணு உப்பு. கடல் மூணு நாலு கிலோமீட்டர்தான். ஜன்னல் கம்பிக்கே ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கு, அப்பம் மாடியில நிக்கிற கம்பி என்ன ஆகும்? பொறவு ஒரு சின்ன விஷயம்: கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் மாமனாரோட அப்பா பேர்ல இருக்கு. அவரு இறந்து பத்து வருஷம் ஆச்சு. இது பிரச்சினையா?

சென்னைவாசி நாகர்கோவில்காரன் எழுதினது:

அக்கா, கண்ணை மூடிட்டு 3 கிலோவாட் போடுங்க. மானியம் அதிகபட்சமா 78,000 கிடைக்கிறது 3 கிலோவாட்டுலதான், அதுக்கு மேல எத்தனை போட்டாலும் அதே 78,000. நான் வேளச்சேரி வீட்டுல போட்டு எட்டு மாசம் ஆச்சு, பில்லு சைபர். கரண்ட் போனாலும் பகல்ல சோலார்ல ஓடும், கவலையே இல்ல. நல்ல பிராண்டா பாத்து டாப்கான்னு புது வகை பேனல் வருது, அதை வாங்குங்க. மரத்தை மட்டும் எப்படியாவது மாமாகிட்ட பேசி எடுத்துருங்க.

துறை வயர்மேன் எழுதினது:

தங்கச்சி, நான் ராஜாக்கமங்கலம் துறை. உங்களுக்கும் எனக்கும் ஒரே காத்து, எனக்கு உப்பு கொஞ்சம் கூடுதல். ஷார்ஜாவுல பதினாலு வருஷம் வயரிங் வேலை பாத்துட்டு வந்து 2019-ல என் வீட்டு மாடியில 3 கிலோவாட் போட்டேன். அன்னையில இருந்து தினம் சாயங்காலம் சோலார் இன்வெர்ட்டர்ல (பேனல் கரண்டை வீட்டு கரண்டா மாத்துற பெட்டி) காட்டுற யூனிட்டை ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். வீட்டுல உள்ளவ சிரிப்பா. அந்த நோட்டை வச்சுத்தான் சொல்லுதேன்.

மொதல்ல மேல தம்பி சொன்னதுல ஒண்ணைத் திருத்தணும். கரண்ட் போனா ஆன்கிரிட் சோலார் ஓடாது. உச்சி வெயில் கொளுத்துனாலும் ஓடாது. லைன்ல ஆள் ஏறி நிக்கும்போது நம்ம வீட்டுல இருந்து கரண்ட் திரும்பிப் போய் அவனை அடிச்சிரக்கூடாதுன்னு இன்வெர்ட்டரே தன்னை நிறுத்திக்கிடும். அப்படித்தான் அதைச் செஞ்சிருக்கு. போஸ்ட்ல ஏறி வேலை பாத்தவன் நான், எனக்கு இதுல ஒரு குறையும் தெரியல. தம்பி வீட்டுல கரண்ட் போன நேரம் ஃபேன் சுத்துச்சுன்னா அது பழைய இன்வெர்ட்டர் பேட்டரியில சுத்தியிருக்கும்.

அதனால மொத கேள்வி எத்தனை கிலோவாட்டுங்கிறது இல்ல. பில்லு குறையணுமா, இல்ல கரண்ட் போன நேரம் வீடு ஓடணுமா? இது ரெண்டும் ரெண்டு மெஷின். உங்க எழுத்தைப் பாத்தா பில்லுதான் வலிக்குது. 150 ஏஎச் பேட்டரி ஏற்கெனவே இருக்கு, நாலு ஃபேன் நாலு லைட்டுக்கு அது போதும். ஆன்கிரிட் போட்டாலும் அந்த இன்வெர்ட்டர் அது பாட்டுக்கு இருக்கட்டும், ஒண்ணுக்கொண்ணு சண்டை கிடையாது. 5 கிலோவாட் ஆஃப்கிரிட் பேப்பரை மடிச்சு வச்சிருங்க. கிரிட்டோட சேராத சிஸ்டத்துக்கு இந்தத் திட்டத்துல மானியம் கிடையாது. லெட் ஆசிட் பேட்டரியை அஞ்சாறு வருஷத்துக்கு ஒருக்க மாத்தணும். பகல்ல பேட்டரி நிறைஞ்ச பொறவு வாற வெயிலும் வீண்.

இப்பம் உங்க பில்லு. 2024 ஜூலையில வந்த கட்டணத்துல வீட்டுக்கு மொத 100 யூனிட் இலவசம். 500-க்குள்ள நின்னா 101-ல இருந்து 200 வரைக்கும் 2.35, 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. 500-ஐத் தாண்டிட்டா அந்த 2.35 போயிரும், 101-ல இருந்தே 4.70 கணக்கு. மேல 600 வரைக்கும் 8.40, 800 வரைக்கும் 9.45. இதுல ஒரு வேடிக்கை பாருங்க: 500 யூனிட்டுக்கு 1,805 ரூபா. 501 யூனிட்டுக்கு 2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபா! உங்க ஆறு பில்லுல நாலு பில்லு இந்த வேலியைத் தாண்டி விழுந்து கிடக்கு. ஆறையும் கூட்டுனா வருஷத்துக்கு 15,400 வருது.

என் நோட்டுப்படி மழை, மேகம் எல்லாம் சேத்து ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு சராசரி மூணரை யூனிட். மாசியில நாலே கால் வரைக்கும் போகும், ஐப்பசியில மூணுக்குக் கீழ இறங்கும். நமக்கு இடவப்பாதி (தென்மேற்கு) மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. சென்னைக் கணக்கை இங்க கொண்டு வந்து வைக்க முடியாது.

அப்பம் 2 கிலோவாட் போட்டா? பகல்ல மிச்சமாகி லைனுக்குப் போற யூனிட்டும் பில்லுல கழியும். ஏப்ரல் பில்லுல 640-ல 510 கழியும், மிச்சம் 130. எழுபது ரூபா பில்லு. ஜூன் பில்லுல 720-ல 450 கழிஞ்சா 270, அதுக்கு 564 ரூபா. பிப்ரவரியில மிச்சமே 100-க்குள்ள, பில்லு இல்ல. வருஷம் மொத்தத்துக்கும் போட்டுப் பாத்தேன், ஆயிரத்துக்குள்ளதான் வருது. 15,400 எங்க, ஆயிரம் எங்க. மூணாவது கிலோவாட் வந்து மிச்சம் பிடிக்கிறது இந்த ஆயிரத்தைத்தான்.

அதுக்கு என்ன செலவு? 2 கிலோவாட் சுமார் 1,40,000-க்குக் கேளுங்க, மானியம் 60,000 போக கைக்காசு 80,000. 3 கிலோவாட்டுல கைக்காசு 1,17,000. வருஷம் ஆயிரம் ரூபாய்க்காக 37,000-ஐ மாடியில கொண்டு வைக்கணுமான்னு யோசிச்சுக்கோங்க. வீட்டுக்காரர் திரும்பி வந்து ரெண்டாவது ஏசி, கரண்ட் ஸ்கூட்டர்னு ஆரம்பிப்பாருன்னா அப்பம் கதை வேற. அதுக்கும் ஒரு வழி உண்டு: இன்வெர்ட்டரை மட்டும் இப்பமே 3 கிலோவாட்டா வாங்கி, நாலு பேனல் (2 கிலோவாட்) போட்டு நிறுத்துங்க. பின்னால ரெண்டு சேக்கலாம், ஆனா மீட்டர் அனுமதிக்கு திரும்பவும் எழுதிக் கொடுக்கணும்.

அடுத்தது நிழல். இதுலதான் ஆளுக ஏமாறுறது. பேனலை எல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கோத்துத்தான் இன்வெர்ட்டருக்குக் கொண்டு வருவாங்க. செடிக்குத் தண்ணி விடுற ஹோஸை ஒரு இடத்துல மிதிச்சா என்ன ஆகும், அதுதான். பேனலுக்குள்ள டயோடு இருக்கு, அதனால மொத்தமா படுத்திராது, ஆனா நல்லா அடி வாங்கும். ஒரு ஓலை நிழல் விழுந்தாலும் நோட்டுல தெரியும். பேனலுக்கு ஒரு மைக்ரோ இன்வெர்ட்டர்னு தனித்தனியா போடுற முறையும் இருக்கு, நிழலுக்கு அது நல்லதுதான், காசு கூடுதல். அந்தப் பெட்டி எல்லாம் மாடியில உப்புக்காத்துல பேனலுக்கு அடியில கிடக்கும், அதனால எனக்கு மனசு வரல.

ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு வேலை செய்யுங்க. 540 வாட் பேனல் ஒண்ணு 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம் இருக்கும். அந்த அளவுக்கு பாயோ துணியோ விரிச்சு, காலையில ஒம்பதுல இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் மணிக்கு ஒருக்க நிழல் விளிம்பை சாக்குக்கட்டியால வரைஞ்சு வைங்க. எந்த இடத்துல கோடே விழல, அதான் உங்க சோலார் இடம். ஆனா தை மாசம் பாத்ததை வச்சு மட்டும் முடிவு கட்டாதீங்க. நம்ம ஊரு எட்டு டிகிரியில கிடக்கு. மார்கழியில உச்சிக்கு சூரியன் தெற்கே சாஞ்சு நிக்கும். மாடிக்கு மேல பத்தடி நிக்கிற மரத்தோட நிழல் ஆறடி வடக்கே விழும். ஆனி மாசம் சூரியன் தலைக்கு வடக்கே போயிரும், அதே மரத்தோட நிழல் மூணடிக்குள்ள, அதுவும் தெற்கே. பக்கத்து வீட்டு அயனி இப்பம் ஒண்ணும் செய்யாது, ஆனி ஆடி காலையிலதான் வேலையைக் காட்டும்.

பேனல் சாய்வு பத்து டிகிரி போதும், தெற்கே பாத்து. அது வெயிலுக்குன்னு இல்ல, மழைத்தண்ணி வழிஞ்சு அழுக்கு போறதுக்கு.

உப்பு. 2019-ல எனக்கு ஸ்டாண்ட் போட்டுத் தந்தவர் பேர் வேண்டாம். நான் வயரிங்கைப் பாத்துக்கிட்டேன், இரும்பை அவர்கிட்ட விட்டேன். சதுர பைப்பை மாடியிலயே அறுத்து, வெல்டு வச்சு, சில்வர் பெயிண்ட் அடிச்சுட்டுப் போனாரு. பாக்க பளபளன்னு இருந்துச்சு. ரெண்டாவது ஆடி மழைக்கு ஒவ்வொரு வெல்டு வாயில இருந்தும் துரு ஒழுகி, செவத்துல வெத்திலை துப்புன மாதிரி கோடு இறங்கிருச்சு. நாலாவது வருஷம் ஒரு காலை கையால ஆட்டிப் பாத்தேன், ஆடுச்சு. போன் போட்டா எடுக்கல. மொத்த ஸ்டாண்டையும் கழட்டி மாத்துனேன், 38,000 ஆச்சு. பேனலுக்கு ஒண்ணும் ஆகல. வெயில் தின்னுற சாமான் நல்லாத்தான் இருந்துச்சு, அதைத் தாங்குன சாமான்தான் போச்சு.

அதனால ஹாட் டிப் கால்வனைஸ் பண்ணுன (உருக்குன துத்தநாகத்துல முக்கி எடுத்த) கம்பி, எல்லாம் போல்ட்டு போட்டுச் சேக்குறது. மாடியில வெல்டிங் மெஷினே ஏறக்கூடாது. வெல்டு பட்ட இடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிரும், அங்கதான் உப்பு வாய் வைக்கும். நட்டு போல்ட்டு ஸ்டெயின்லெஸ் 304, கிடைச்சா 316. பிரிட்ஜ்ல ஒட்டியிருக்குற காந்தத்தை எடுத்துட்டுப் போய் போல்ட்டுல வச்சுப் பாருங்க. கப்புன்னு புடிச்சா அது வேற ஏதோ. பேனலுக்கு ஐஇசி 61701-னு உப்புப்புகைச் சோதனை ஒண்ணு உண்டு, அந்தச் சான்று இருக்கான்னு கேளுங்க. அலுமினிய சட்டமும் கால்வனைஸ் கம்பியும் நேரா உரசாம நடுவுல ரப்பர் துண்டு வைக்கச் சொல்லுங்க.

ரெண்டாவது பேப்பர்காரர் 1,55,000-க்கு எப்படித் தாராருன்னு கேட்டீங்களா? "பேனல் டிசிஆரா?"ன்னு ஒரே கேள்வி கேளுங்க. டிசிஆர்னா பேனலும் அதுக்குள்ள இருக்குற செல்லும் ரெண்டும் இந்தியாவுல செஞ்சது, அப்படி இருந்தாத்தான் மானியம். இல்லாத பேனல் விலை குறைவு, மானியமும் வராது. மானியத்தை அவங்க எடுத்துத் தர்றதுக்கும் ஒண்ணும் இல்ல, அது கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்க பேங்க் அக்கவுண்டுக்குத்தான் நேரா வரும். அதனாலதான் உங்க சின்ன விஷயம் சின்ன விஷயம் இல்ல. செத்தவர் பேருக்கு மானியம் போய் எங்க நிக்கும்? மொதல்ல மாமனார் பேருக்கு மாத்துங்க, பொறவு மத்ததெல்லாம்.

2025 செப்டம்பர்ல சோலார் சாமானுக்கு ஜிஎஸ்டி 12-ல இருந்து 5 ஆச்சு. பழைய விலைப் பட்டியலை நீட்டுனா அதையும் கேளுங்க.

குலசேகரம் ரப்பர் எழுதினது:

வயர்மேன் அண்ணன் கணக்கு சரி. ஆனா பில்லு மட்டும்தான் கணக்கான்னு கேக்குறேன்.

ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் 30. எங்க தோட்டத்துல ரப்பர் மரம் தீப்பெட்டிக் குச்சி மாதிரி ஒடிஞ்சு கிடந்துச்சு. போஸ்ட் வரிசையா படுத்துருச்சு. எங்க தெருவுக்கு கரண்ட் திரும்பி வர பதினோரு நாள் ஆச்சு. மோட்டார் ஓடாம கிணத்துல வாளி போட்டுத் தண்ணி கோருனோம், போன் சார்ஜ் போட தக்கலை வரைக்கும் போனோம். அப்ப அம்மா நல்லா இருந்தா. இப்ப அம்மாவுக்கு ராத்திரி ஆக்சிஜன் மெஷின் வேணும். அதனால நான் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் (லைனோடயும் ஓடும், பேட்டரியிலயும் ஓடும்) 5 யூனிட் லித்தியம் பேட்டரியும் வச்சேன். பேட்டரிக்கு மானியம் கிடையாது, அது மட்டும் லட்சத்துக்கு மேல. பில்லுல அந்தக் காசு திரும்ப வராதுன்னு தெரிஞ்சேதான் வச்சேன்.

ஆன்கிரிட் மட்டும் வச்சிருந்தா ஒக்கி மாதிரி ஒரு நாள்ல மாடியில ரெண்டு லட்சம் ரூபா சாமான் வெயில்ல சும்மா கிடக்கும், கீழ நம்ம இருட்டுல உக்காந்திருப்போம். இதை யோசிச்சுக்கோங்கன்னுதான் சொல்றேன்.

இன்னொண்ணு, இடி. மலைப்பக்கம் சித்திரையிலயும் ஐப்பசியிலயும் வெட்டுற வெட்டுல எனக்கு ஒருக்க சர்ஜ் டிவைஸ் (இடியில பாயுற கரண்டைத் தடுக்குற சின்னப் பெட்டி) கருகிப் போச்சு. அது கருகுனதாலதான் இன்வெர்ட்டர் தப்பிச்சுது. டிசிக்கு ஒண்ணு, ஏசிக்கு ஒண்ணு, இடிதாங்கிக்கு ஒண்ணுன்னு மூணு எர்த்து தனித்தனியா எடுக்கச் சொல்லுங்க. ஒரே குழியில மூணையும் கட்டிட்டுப் போறதுதான் வழக்கம். பக்கத்துல நின்னு பாக்கணும்.

துறை வயர்மேன் எழுதினது:

அம்மாவுக்கு மெஷின் இருக்குற வீட்டுக்கு நீங்க செஞ்சதுதான் சரி. நான் அங்க இருந்தாலும் அதையேதான் செய்வேன். தங்கச்சி வீட்டுல அப்படி யாரும் இல்ல. ஒக்கியில எங்க துறையில கடலுக்குப் போனவங்களை நினைச்சுக்கிட்டே கிடந்தோம், கரண்ட் எப்பம் வந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்ல.

மூணு எர்த்து சொன்னது நூத்துக்கு நூறு. நான் எழுத மறந்துட்டேன்.

ஈத்தாமொழி தையல்காரி எழுதினது:

அண்ணாச்சி, செஞ்சு பாத்துட்டேன். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கோங்க.

நீங்க சொன்ன அளவைப் பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு. 1.13 மீட்டர்னா 44 இஞ்ச் சொச்சம். என்கிட்ட இருக்குற லைனிங் துணி பன்னாவே (அகலமே) அதுதான்! ரெண்டே கால் மீட்டர் வெட்டுனா ஒரு பேனல். ஆறு துண்டு எடுத்துட்டு மாடிக்குப் போனேன். காத்துல பறக்காம இருக்க மூலைக்கு ஒரு தேங்கா வச்சேன். மக நோட்டுல மணி எழுதுனா, நான் தையல் சாக்குக்கட்டியால கோடு போட்டேன். ஒரு நாளுல நாலு கட்டி தேஞ்சு போச்சு. மாடி முழுக்க நீலம், ரோஸ், மஞ்சள் கோடு. மாமியார் ஏறி வந்து பாத்துட்டு, யாருக்குக் கோலம்னு கேட்டாங்க.

மேற்குப் பாதி சுத்தமா ஆகாது. ரெண்டு மணிக்கே மூணு தென்னையும் படிக்கட்டு ரூமும் சேந்து மூடிருது. கிழக்குப் பாதியில ஆறு துணியை ரெண்டு வரிசையா விரிச்சிருந்தேன். தெற்கு ஓரத்துல இருந்த ரெண்டு துணி மேலயும் ஆச்சி மரத்து நிழல் காலையில பத்தரை வரைக்கும் கிடந்துச்சு. மிச்சம் நாலு துணியிலயும் ஒம்பதரைக்கு மேல மூணு மணி வரைக்கும் ஒரு கோடு கூட விழல.

இது தை மாசத்துக் கணக்கு, ஆனி மாசத்துக்கு என்ன செய்யன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும்போது மாமனார் மேல வந்தாரு. இத்தனை நாள் இந்தப் பேச்சே எடுக்காதவரு. துணியைப் பாத்தாரு, தேங்காயைப் பாத்தாரு, "என்ன இது, துணி காயப்போடுத இடத்துல தேங்கா காயுது"ன்னாரு. நான் விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு, கைத்தடியால ஒவ்வொரு துணியா தொட்டுக்கிட்டே சொன்னாரு:

"இந்த நாலும் சரி. நான் கொப்பரை போடுத இடம். வீடு கட்டுன நாள்ல இருந்து இங்கதான் போடுதேன். ஆனி ஆடியில மழை விட்ட நாளு காலையில ஒம்பது வரைக்கும் அயனி மறைக்கும், பொறவு வெயில் வந்துரும். இந்தக் கடைசித் துணியை மட்டும் ஒரு முழம் தெற்கே தள்ளு, அயனி நுனி அதுல படும்."

பன்னிரண்டு மாசத்து நிழலும் அந்த மனுஷன் தலைக்குள்ள இருந்திருக்கு, நாங்க யாரும் கேக்கல. கொப்பரை ஒரு பக்கம் காயாம பூசணம் பிடிச்சா யாவாரி விலையைக் குறைச்சிருவான், அதனால மணிக்கணக்கா பாத்து வச்சிருக்காரு. நான் துணியை ஒரு முழம் தள்ளுனேன்.

பொறவுதான் சண்டை ஆரம்பிச்சுது. "அப்பம் என் கொப்பரையை எங்க போட?"ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் இல்ல. மகதான் சொன்னா, தாத்தா கொப்பரை போடுறது மாசியில இருந்து சித்திரை வரைக்கும்தானே, அப்பம் சூரியன் மேல ஏறிரும், ஆச்சி மரத்து நிழல் இவ்வளவு தூரம் வராது, தெற்கு ஓரத்து ரெண்டு துணி இடத்துல போடுங்கன்னு. அவரு கோட்டையும் மரத்தையும் மாறி மாறிப் பாத்துட்டு, "மாசியில போட்டுப் பாக்குதேன், காயலன்னா உங்க கண்ணாடியைத் தூக்கிருவேன்"ன்னுட்டுக் கீழ இறங்கிட்டாரு. மரம் வெட்டுற பேச்சு அதோட முடிஞ்சுது.

வீட்டுக்காரர்கிட்ட 2 கிலோவாட்டுன்னு சொன்னேன். "குவைத்துல இருந்து அனுப்புறது ரெண்டு கிலோவாட்டுக்கா?"ன்னு அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். 501 யூனிட் கணக்கை அனுப்புனேன், பேச்சு நின்னுருச்சு. ரெண்டாவது பேப்பர்காரருக்குப் போன் போட்டு டிசிஆரான்னு கேட்டேன், "மேடம், அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"ன்னாரு. அந்தப் பேப்பரை இப்பம் கத்திரிக்கோல் துடைக்க வச்சிருக்கேன். மொத பேப்பர்காரர் 2 கிலோவாட்டுக்கு 1,42,000 எழுதித் தந்திருக்காரு. போல்ட்டுதான், வெல்டு இல்லைன்னு அதுலயே எழுத வச்சேன். பேர் மாத்தத்துக்கு வாரிசுச் சான்று தேடிக்கிட்டு இருக்கோம்.

ரெண்டு சந்தேகம் பாக்கி. ஸ்டாண்டை ஆளு உயரத்துக்குத் தூக்கிப் போட்டா கீழ புழங்கலாம்னு சொல்லுதாங்க, போடலாமா? ஆச்சி மரத்துல இருந்து தேங்கா விழுந்தா பேனல் உடையுமா?

துறை வயர்மேன் எழுதினது:

உயரம் வேண்டாம் தங்கச்சி. எட்டடிக்குத் தூக்குனா ஆடிக்காத்துக்கு அது பாய்மரம். உங்களுக்குக் கீழ புழங்கவும் தேவையில்ல. முன்னால ரெண்டடி, பின்னால மூணே கால் அடி, அவ்வளவு போதும். அடியில பெருக்குறதுக்குக் கை போகும், மேல துடைக்குறதுக்கும் எட்டும். மாசி முதல் சித்திரை வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்க விடியக்காலையில கிணத்துத் தண்ணி ஊத்தி மெத்துன துணியால துடைங்க. சூடேறுன கண்ணாடியில பச்சைத்தண்ணி ஊத்தக்கூடாது. மழைக்காலத்துல நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்.

தேங்கா விழுந்தா உடையும், சந்தேகமே வேண்டாம். ஆலங்கட்டிக்குச் சோதிச்சுத்தான் அனுப்புறாங்க, தேங்காய்க்கு எவனும் சோதிக்கல. நீங்க சொன்ன கணக்குல ஆச்சி மரத்துக் கொண்டையில இருந்து மொத பேனல் எத்தனை அடின்னு நேரா கீழ ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அளந்து சொல்லுங்க. பத்தடிக்கு மேல இருந்தா பயமில்ல. காத்து வீசுற பக்கம் மட்டும் மட்டை காயுறதுக்கு முந்தி எடுத்துரச் சொல்லுங்க, காஞ்ச மட்டைதான் தூரமா பறக்கும்.

வாற வியாழக்கிழமை எனக்கு ஈத்தாமொழிச் சந்திப்புல ஒரு மோட்டார் வேலை இருக்கு. சாமான் இறங்குற நாள் அதுதான்னா சொல்லுங்க, காந்தத்தோட வாரேன். மாமனாரையும் பாக்கணும்.

ஈத்தாமொழி தையல்காரி எழுதினது:

அளந்தாச்சு அண்ணாச்சி. பதிமூணு அடி. கல்லைக் கட்டுறதுக்கு மரத்துல ஏறுனது யாருன்னு கேக்காதீங்க, எழுபத்தி ரெண்டு வயசுல மாமியார்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு.